கால்நடைத் தொற்றுநோய்கள்: தடுப்பூசி இருந்தும் இந்தியா தடுமாறுவது எங்கே?

ராஜஸ்தானின் புஷ்கரில் ஆண்டுதோறும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, நாட்டின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று. 2022-ஆம் ஆண்டு அந்தத் திருவிழா கால்நடைகள் இல்லாமலேயே நடைபெற்றது. ஒட்டகங்களும் குதிரைகளும் மாடுகளும் நிறைந்திருக்க வேண்டிய மணல்வெளி வெறிச்சோடிக் கிடந்தது. தோல் கழலை நோய் பரவியதால் கால்நடைச் சந்தைகளுக்கு மாநில அரசு விதித்திருந்த தடையே அதற்குக் காரணம்.

ஆனால், அதற்கு முன்பே சேதம் நிகழ்ந்து முடிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதி நிலவரப்படி நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் மாடுகள் பாதிக்கப்பட்டிருந்தன. 97 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இறந்திருந்தன. ஆண்டு முடிவில் இறப்பு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. மிகுதியான இழப்பைச் சந்தித்த மாநிலம் ராஜஸ்தான்.

இந்த நோய் 2022-இல் திடீரென வானிலிருந்து விழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது நாட்டுக்குள் நுழைந்திருந்தது. அதைத் தூண்டும் வைரஸ் எது என்பது தெரியும். அதற்கு நெருங்கிய உறவுடைய வைரஸுக்கு எதிரான தடுப்பூசி உள்நாட்டிலேயே உற்பத்தியானது. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டமும் 2009 முதல் உள்ளது. இவ்வளவும் இருந்தும் நோய் முந்திக்கொண்டது ஏன் என்பதே, கால்நடை நலத் துறை இன்றும் விடை தேட வேண்டிய கேள்வி.

கண்டம் தாண்டிய வைரஸ்

தோல் கழலை நோய் 1929-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்தக் கண்டத்துக்குள்ளேயே சுற்றிவந்த நோய், பின்னர் மேற்கு ஆசியாவுக்கும், 2015-க்குப் பிறகு தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளுக்கும் பரவியது. 2019-இல் வங்கதேசம், சீனா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் அடுத்தடுத்துத் தென்பட்டது. இந்தியாவில் முதல் பாதிப்புகள் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒடிசாவில் கண்டறியப்பட்டன.

ஆட்டம்மை வைரஸ் சார்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது இதன் வைரஸ். காய்ச்சல் கண்ட மாட்டின் உடலெங்கும் உருண்டையான கழலைகள் எழும்பும். கால்கள் வீங்கும், பால் வற்றும், சினை மாடுகள் கருவை இழக்கும். கழலைகள் உடைந்து புண்ணாகும்போது ஈக்கள் மொய்த்துப் புழு வைக்கும். வழக்கமாக இறப்பு விகிதம் நூற்றுக்கு ஐந்துக்கு உட்பட்டதே. எனினும், பிழைத்த மாடும் பழைய பால் அளவுக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். தோலில் விழுந்த தழும்பு, விற்கும்போது அதன் விலையைக் குறைத்துவிடும்.

நோய் மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. காய்ச்சிய பாலை அருந்துவதில் ஆபத்தும் இல்லை. ஆயினும் 2022-இல் வதந்திகள் பரவிப் பல இடங்களில் பால் வாங்கவே மக்கள் தயங்கினர். மாட்டை இழந்தவர் மட்டுமன்றி, மாடு நலமாக இருந்தவரும் அதனால் நட்டமடைந்தார்.

கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவை இந்த வைரஸை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குச் சுமந்து செல்கின்றன. மழைக்காலத்தில் பூச்சிகள் பெருகும்போது நோயும் பெருகுவது இதனால்தான். ஆனால், பூச்சிகள் பறக்கும் தொலைவு குறைவு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நோயை எடுத்துச் செல்வது லாரியில் ஏற்றப்படும் மாடே. 2022 ஏப்ரல், மே மாதங்களில் குஜராத்தின் கட்ச் பகுதியில் தலைதூக்கிய நோய், ஒரே பருவத்தில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா வரை எட்டியதை விளக்க இந்த இரண்டு காரணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரவல் தடுப்பூசியும் இழந்த காலமும்

தோல் கழலை நோய்க்கென்று தனித் தடுப்பூசி அப்போது இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை. வெளிநாடுகளில் பயன்படும் தடுப்பூசியை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக, உள்நாட்டில் கிடைத்த வெள்ளாட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்கு இட அனுமதி வழங்கப்பட்டது. இரு வைரஸ்களும் நெருங்கிய உறவுடையவை என்பதால் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும் என்பதே அதன் அடிப்படை. விரைவாகவும் மலிவாகவும் கிடைத்தது அதன் பலம். பாதுகாப்பு முழுமையானதல்ல என்பது அதன் குறை.

மறுபுறம், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், 2019 இறுதியில் ராஞ்சியில் பாதிக்கப்பட்ட மாடுகளிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து ஆய்வைத் தொடங்கியிருந்தனர். இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து அவர்கள் உருவாக்கிய 'லம்பி-புரோவாக்-இண்ட்' தடுப்பூசி 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிடப்பட்டது. இந்திய அறிவியலுக்கு அது பெருமை சேர்த்த நாள். ஆனால், ஆய்வகத்தில் வெற்றி பெற்ற தடுப்பூசி, உரிமம் பெற்று, ஆலையில் தயாராகி, தரச் சோதனை முடிந்து, கிராமத்துக் குளிர்பெட்டியை அடைவதற்கு இடையே நீண்ட பாதை உள்ளது. உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட தடுப்பூசி என்பதால் அந்தச் சோதனைகளில் அவசரம் காட்டவும் இயலாது. நோய்க்கென்றே உருவான உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் 2025-இல்தான் கிடைத்தது. முதல் பாதிப்பு பதிவான நாளிலிருந்து கணக்கிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல்.

பால்கன் நாடுகளின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கே நோய்க்கென்றே உள்ள தடுப்பூசியை, பாதிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமன்றி நோய் இன்னும் எட்டாத பகுதிகளிலும் முன்கூட்டியே இட்டனர். நோய் வந்த இடத்தைச் சுற்றி ஓடாமல், வரும் வழியில் காத்திருந்தனர். சில ஆண்டுகளில் அந்தப் பகுதியில் நோய் கட்டுக்குள் வந்தது. பாதிக்கப்பட்ட தொழுவங்களின் மாடுகளைக் கொன்று புதைக்கும் முறையையும் அந்நாடுகள் பின்பற்றின. பசுவதைத் தடைச் சட்டங்களும் சமய உணர்வும் உள்ள இந்தியாவில் அந்த வழி திறந்திருக்கவில்லை. ஆகவே, தடுப்பூசியும் இடப்பெயர்வுக் கட்டுப்பாடுமே இந்தியாவின் கையில் இருந்த இரண்டு கருவிகள்.

தடுப்பூசி இட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. எதிர்ப்புத் திறன் உருவாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் தேவை. நோய் அடுத்த ஊருக்கு வந்த பிறகு இடப்படும் ஊசி, பல வேளைகளில் பந்தயத்தில் பின்தங்கிவிடுகிறது. ஏற்கெனவே தொற்றுக்குள்ளாகி அறிகுறி தெரியாத மாட்டுக்கு இட்ட ஊசியை மாற்றாமல் அடுத்த மாட்டுக்கும் பயன்படுத்தினால், பாதுகாக்க வந்தவரே நோயைப் பரப்பும் அபாயமும் உண்டு. ஊசி போட்ட பிறகு மாடு இறந்தது என்ற செய்தி ஒரு கிராமத்தில் பரவினால், அடுத்த கிராமத்தில் கதவுகள் மூடிக்கொள்ளும்.

நகரும் மாடும் நிற்காத சந்தையும்

நோய் கண்ட இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் மாட்டு வணிகத்தையும் சந்தைகளையும் நிறுத்த வேண்டும், சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் பகுதியில் நலமான மாடுகளுக்குத் தடுப்பூசி இட வேண்டும் என்பது தோல் கழலை நோய்க்கான வழிகாட்டுதல்களின் சாரம். தாளில் எளிதாகத் தோன்றும் இந்த வட்டம், களத்தில் வரைவதற்குக் கடினமானது.

மாட்டுச் சந்தை என்பது விவசாயியின் வங்கி. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, விதைப்புக்கான பணம் என எந்த அவசரத்துக்கும் கைகொடுப்பது மாடு. சந்தையை மூடினால் விற்பனை நிற்பதில்லை; அது சந்தைக்கு வெளியே, சோதனைச் சாவடி இல்லாத வழியில், இரவில் நடக்கத் தொடங்குகிறது. பாதிப்பு இருக்கலாம் என்று ஐயுறும் உரிமையாளர், கழலைகள் வெளியே தெரிவதற்கு முன்பே மாட்டை விற்றுவிட முயல்வதும் இயல்பே. கட்டுப்பாடு கடுமையாகும்போது, அதைத் தாண்டும் மாடே அதிக ஆபத்தை எடுத்துச் செல்லும் மாடாகவும் ஆகிவிடுகிறது.

2001-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏற்பட்ட கோமாரிப் பேரிடர் இதற்குச் சான்று. பிப்ரவரி 20-ஆம் தேதி நோய் உறுதியானது. நாடு முழுவதும் கால்நடை இடப்பெயர்வுக்குத் தடை 23-ஆம் தேதி வந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களிலேயே செம்மறியாட்டுச் சந்தைகளின் வழியாக அது நாடெங்கும் சென்றுவிட்டிருந்தது. முடிவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. வலுவான கால்நடைத் துறையும், பதிவேடுகளும், நிதியும் கொண்ட நாட்டிலேயே முதல் சில வாரங்களின் தாமதம் இவ்வளவு பெரிய விலையைக் கேட்டது.

இந்தியாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. வயதான, பால் வற்றிய மாடுகளும் கன்றுகளும் தெருவில் விடப்படுகின்றன. சில கோசாலைகளில் நெருக்கமாக அடைக்கப்படுகின்றன. அவற்றுக்கு உரிமையாளர் இல்லை என்பதால் நோய் குறித்துத் தகவல் தருபவரும் இல்லை, ஊசிக்குக் கொண்டு வருபவரும் இல்லை. இறந்த உடல்களை ஆழப் புதைப்பதற்கான இடமும் இயந்திரமும் பல உள்ளாட்சிகளிடம் இல்லாததால், 2022-இல் ராஜஸ்தானின் சில பகுதிகளில் உடல்கள் திறந்த வெளியில் குவிந்தன.

தகவல் தருபவருக்கே நட்டமா?

2009-ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், அட்டவணையிடப்பட்ட நோய் தாக்கியதாக ஐயம் எழுந்தவுடன் உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட கால்நடையைத் தனிமைப்படுத்துவது, கட்டுப்பாட்டுப் பகுதியை அறிவிப்பது, தடுப்பூசிச் சான்று வழங்குவது, சோதனைச் சாவடி அமைப்பது, உடலை முறைப்படி அகற்றுவது ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. மீறினால் முதல் முறை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் இரண்டாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு விவசாயியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு கறவை மாட்டின் விலை பல பத்தாயிரம் ரூபாய். நோயைத் தெரிவித்தால் மாட்டை விற்க முடியாது. பாலை வாங்க ஆளிருக்காது. ஊரின் சந்தையே மூடப்படும். அண்டை வீட்டாரின் கோபத்துக்கும் ஆளாக நேரிடும். தெரிவிக்காவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதுவும் பிடிபட்டால் மட்டும். ஊருக்கு நன்மை தரும் தகவலுக்கான விலையை, அதைச் சொல்பவர் ஒருவரே கட்ட வேண்டியிருக்கிறது. அபராதத்தை உயர்த்துவதால் மட்டும் இந்தத் தராசு சமன்படாது. அது நோயை இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கவே தூண்டக்கூடும்.

பன்றி, கோழி வளர்ப்பில் ஓரளவு வேறுபட்ட ஏற்பாடு உள்ளது. 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் தடுப்பூசி இல்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொல்வதே வழி. அவ்வாறு அரசு கொல்லும் பன்றிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு வழங்குகின்றன. நோயால் தானாக இறந்தவற்றுக்கு இல்லை. எனவே, முன்கூட்டியே தெரிவிப்பவருக்குக் கொள்கை அளவில் ஒரு பயன் இருக்கிறது. ஆனால், பணம் வந்து சேரத் தாமதமானால் அந்தப் பயனும் தேய்ந்துவிடும்.

மாடுகளுக்கு அத்தகைய நிலையான தேசிய ஏற்பாடு 2022-இல் இல்லை. மாநிலங்கள் தத்தம் முடிவுகளை எடுத்தன. மகாராஷ்டிரம் இறந்த கறவை மாட்டுக்கு 30 ஆயிரம், எருதுக்கு 25 ஆயிரம், கன்றுக்கு 16 ஆயிரம் ரூபாய் என அறிவித்தது. ராஜஸ்தான் கறவை மாட்டுக்கு 40 ஆயிரம் ரூபாய் வழங்க முடிவு செய்தது. அந்த உதவி உரிமையாளர்களின் கணக்கை அடைந்தது மறு ஆண்டில்தான். துயரத்துக்கு ஆறுதலாக இவை பயன்பட்டன. ஆனால், இறப்புக்குப் பின் வரும் உதவி, நோயின் முதல் நாளில் தொலைபேசியை எடுக்க வைக்கும் ஊக்கமாக அமையாது.

காப்பீடு அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் காப்பீட்டுக் கட்டணத்தில் பயனாளியின் பங்கை 15 சதவீதமாகக் குறைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எனினும், நாட்டின் கால்நடைகளில் மிகச் சிறிய பங்கே இதுவரை காப்பீட்டின் கீழ் வந்துள்ளது.

வெக்கை நோய் விட்டுச்சென்ற பாடம்

இந்தியா இத்தகைய போரில் வென்றதே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பல நூற்றாண்டுகள் மாட்டு மந்தைகளை அழித்த வெக்கை நோய், இன்று உலகிலேயே இல்லை. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட நோய் அதுவே. 2011-ஆம் ஆண்டு அந்த அறிவிப்பு வெளியானது.

1954-இல் இந்தியாவில் தேசிய அளவிலான ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி இடப்பட்டது. பாதிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் நோய் மறையவில்லை. எங்கோ சில மூலைகளில் அது தங்கி, வாய்ப்புக் கிடைத்தபோது வெளியே வந்தது. 1992-இல் தொடங்கிய புதிய ஒழிப்புத் திட்டம் அணுகுமுறையை மாற்றியது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, கிராமம் கிராமமாகவும் கால்நடைகள் ஓட்டிச் செல்லப்படும் வழிகள் நெடுகிலும் நோயைத் தேடும் பணி முதன்மை பெற்றது. எத்தனை ஊசி போடப்பட்டது என்ற கேள்வியின் இடத்தை, நோய் இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி பிடித்தது.

நாட்டின் கடைசி வெக்கை நோய்ப் பாதிப்பு 1995-இல் தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதியில் பதிவானது. அதன் பின்னர் எடுக்கப்பட்ட முடிவே மிகத் துணிச்சலானது: தடுப்பூசி நிறுத்தப்பட்டது. ஊசியால் வந்த எதிர்ப்புப் பொருளையும் நோயால் வந்த எதிர்ப்புப் பொருளையும் பிரித்தறிய முடியாத நிலையில், ஊசியை நிறுத்தித் தேடினால்தான் நோய் இல்லை என்பதை மெய்ப்பிக்க முடியும். ஆண்டுக்கணக்கான தேடலுக்குப் பிறகு, 2006-இல் வெக்கை நோய்த் தொற்று அற்ற நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

இன்றைய நோய்களை வெக்கை நோயோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதன் தடுப்பூசி ஒரே தவணையில் பல்லாண்டுப் பாதுகாப்புத் தந்தது. பிழைத்த மாடு நோயைச் சுமந்து திரியவில்லை. பூச்சிகள் அதைப் பரப்பவில்லை. கோமாரிக்கும் தோல் கழலைக்கும் இந்தச் சலுகைகள் முழுமையாக இல்லை. ஆனால், தேடல் இல்லாத தடுப்பூசித் திட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்ற பாடம் எல்லா நோய்களுக்கும் பொருந்தும்.

கோமாரி: ஊசிகளின் எண்ணிக்கையும் உண்மையான பாதுகாப்பும்

2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் பிரதமர் நரேந்திர மோடி தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் கட்டுப்படுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 12,652 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025-க்குள் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் ஒழிப்பது என்பவை இலக்குகள். ஒற்றை நோக்கத்துக்காகக் கால்நடை நலத்துக்கு இவ்வளவு பெரிய தொகை ஒதுக்கப்பட்டது அரிய நிகழ்வே.

இப்பணியின் பரிமாணத்தை ஒரு எளிய கணக்கு காட்டும். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 19 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் உள்ளன. கோமாரித் தடுப்பூசியின் பாதுகாப்பு ஏறத்தாழ ஆறு மாதமே நீடிப்பதால் ஆண்டுக்கு இருமுறை இட வேண்டும். இவை இரண்டுக்கு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 60 கோடி தவணைகள். ஆடுகளும் பன்றிகளும் தனி. ஒவ்வொரு குப்பியும் ஆலையிலிருந்து தொழுவம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றுபோகும் ஒரு கிராமத்தில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோமாரி வைரஸில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகைகள் சுற்றுகின்றன. ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு இன்னொன்றிடமிருந்து காப்பதில்லை. ஒரே வகைக்குள்ளும் வைரஸ் காலப்போக்கில் மாறுகிறது. ஆகவே, தடுப்பூசியில் உள்ள வைரஸும் களத்தில் உள்ள வைரஸும் பொருந்துகின்றனவா என்பதை இடைவிடாமல் சோதிக்க வேண்டும். புவனேஸ்வரம் அருகே உள்ள தேசிய கோமாரி நோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியைச் செய்கிறது.

இங்கேதான் எண்ணிக்கை ஏமாற்றக்கூடும். ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது என்று வைத்துக்கொண்டால் அது சிறந்த சாதனையாகத் தோன்றும். அந்த ஊசி, குளிர்ச்சி குறைந்ததாலோ மாட்டின் உடல்நலக் குறைவாலோ எண்பது சதவீத மாடுகளிடம் மட்டுமே பலன் தந்தால், உண்மையில் பாதுகாப்புப் பெற்றவை நூற்றுக்கு 64 மட்டுமே. எஞ்சிய 36 மாடுகள் நோய்க்குப் போதுமான பாலம். எனவே, அறிக்கையில் இடம்பெற வேண்டியது போடப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. ஊசிக்குப் பின் இரத்த மாதிரியில் காணப்படும் எதிர்ப்புத் திறனும் ஆகும்.

அறிவியல் இதற்கு ஒரு நல்வாய்ப்பைத் தந்துள்ளது. தூய்மைப்படுத்தப்பட்ட கோமாரித் தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருளையும், உண்மைத் தொற்றால் உருவாவதையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடியும். வெக்கை நோய்க் காலத்தில் இல்லாத வசதி இது. ஊசியை நிறுத்தாமலேயே நோய் எங்கே சுற்றுகிறது என்பதைத் தேடலாம். சில மாநிலங்களைத் தடுப்பூசியுடன் கூடிய கோமாரி அற்ற மண்டலங்களாக அறிவிக்கச் செய்யும் முயற்சிக்கு இதுவே அடித்தளம். அந்த நிலையை எட்டினால் பால், இறைச்சி ஏற்றுமதிக்கு இன்று மூடியுள்ள சில சந்தைகள் திறக்கும்.

பதிவேடு உண்டு; மருத்துவர் எங்கே?

மாடுகளின் காதில் பொருத்தப்படும் 12 இலக்க எண் கொண்ட வில்லை, தடுப்பூசி விவரத்தையும் உரிமை விவரத்தையும் பதிவு செய்யும் 'பாரத் பசுதன்' தளம், 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் வீடு தேடி வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் ஆகியவை அண்மை ஆண்டுகளில் உருவான முக்கியமான கட்டமைப்புகள். கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளுக்கு 3,880 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது.

ஆனால், வில்லையைப் பொருத்தவும், ஊசி இடவும், நோயை அடையாளம் காணவும் ஒருவர் நேரில் வர வேண்டும். ஐந்தாயிரம் கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் என்பது 1976-இல் தேசிய வேளாண் ஆணையம் வகுத்த அளவுகோல். மாடு, எருமைகளை மட்டும் கணக்கில் கொண்டாலே ஏறத்தாழ 60 ஆயிரம் மருத்துவர்கள் களத்தில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர்கள் பலர் தனியார் துறை, வங்கி, ஆராய்ச்சி, நகர்ப்புறச் செல்லப் பிராணி மருத்துவம் ஆகியவற்றுக்குச் சென்றுவிட, பல மாநிலங்களில் அரசு மருந்தகங்களின் பணியிடங்கள் நிரப்பப்படாமல் உள்ளன. நோய்த் தடுப்பு மாநிலங்களின் பொறுப்பில் இருப்பதால், வலுவான துறை உள்ள மாநிலத்துக்கும் நலிந்த துறை உள்ள மாநிலத்துக்கும் இடையே பெரும் இடைவெளி நிலவுகிறது. வைரஸ் மாநில எல்லையை மதிப்பதில்லை என்பதால், நலிந்த மாநிலத்தின் குறை அடுத்த மாநிலத்தின் சுமையாகிறது.

செய்ய வேண்டியவை

கடந்த சில ஆண்டுகளின் அனுபவத்திலிருந்து நான்கு முன்னுரிமைகள் தெளிவாகின்றன.

முதலாவது, தகவல் தருவதற்கான ஊக்கம். நோயைத் தெரிவித்த சில நாட்களுக்குள் சிகிச்சைச் செலவும் தீவனச் செலவும் உரிமையாளரின் கணக்கில் சேர வேண்டும். பின்னர் மாடு இறந்தால் இழப்பீட்டைத் தகவல் தந்த தேதியோடு இணைக்கலாம். விரைவாகச் சொன்னவருக்கு முழுத் தொகை, மறைத்தவருக்குக் குறைந்த தொகை என்பது அபராதத்தைவிட வலிமையான சட்டமாகச் செயல்படும். இதற்கு மாநிலங்களுக்கு மாநிலம் மாறாத தேசிய விதி தேவை.

இரண்டாவது, தடுப்பூசிக் கையிருப்பு. தோல் கழலை, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்றவை அண்டை நாடுகளில் தோன்றிய நாளிலேயே அவை இங்கு வருவதற்கான வாய்ப்பும் தோன்றிவிடுகிறது. அந்நாளிலேயே எந்தத் தடுப்பூசியை, யாரிடமிருந்து, எவ்வளவு பெறுவது என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அவசரகால உரிமத்துக்கான விதிகளைத் தொற்று வருவதற்கு முன்பே வகுத்துவிட்டால், தரச் சோதனையைச் சுருக்காமலேயே அலுவலகத் தாமதத்தைச் சுருக்கலாம்.

மூன்றாவது, இடப்பெயர்வின் பதிவு. காது வில்லையின் எண், சந்தை நுழைவாயிலிலும் மாநில எல்லையிலும் பதிவாக வேண்டும். ஒரு மாடு நோயுற்றால், கடந்த ஒரு மாதத்தில் அது எந்தச் சந்தையில் நின்றது, அதன் அருகில் நின்ற மாடுகள் எங்கே சென்றன என்பதைச் சில மணி நேரத்தில் அறிய முடிந்தால், மாநிலம் முழுவதும் சந்தைகளை மூட வேண்டிய தேவை குறையும். மூடும் இடம் சிறிதாகவும் காலம் குறுகியதாகவும் இருக்கும்போதுதான் மக்கள் அதற்குக் கட்டுப்படுவார்கள்.

நான்காவது, வெளிப்படையான அளவீடு. மாவட்ட வாரியாகத் தடுப்பூசிக்குப் பிந்தைய எதிர்ப்புத் திறன் அளவும், புதிய தொற்று விவரமும் பொதுவெளியில் வெளியிடப்பட வேண்டும். எங்கே ஊசி பலன் தரவில்லை என்பது தெரிந்தால்தான் காரணம் குளிர்பெட்டியா, குப்பியா, வைரஸின் மாற்றமா என்று தேட முடியும்.

உலகப் பால் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவினுடையது. அதன் பெரும்பகுதி பெரிய பண்ணைகளிலிருந்து வருவதன்று. வீட்டுக் கொல்லையில் கட்டப்பட்ட ஒன்றிரண்டு மாடுகளிலிருந்து வருவது. அந்த மாடுகளைக் காலையில் பால் கறக்கச் செல்பவர், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண், உடலில் எழும் முதல் கழலையையும் வாயில் வழியும் முதல் நுரையையும் எந்த ஆய்வகத்துக்கும் முன்பாகக் காண்கிறார். 1995-க்கு முன்னும் பின்னும் கிராமம் கிராமமாகச் சென்ற தேடல் குழுக்கள் கேட்டது அத்தகையோரிடம்தான். அவர் கண்டதை அன்றே சொல்வதற்கு அஞ்சத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதிலிருந்தே அடுத்த நோய்க்கான ஆயத்தம் தொடங்குகிறது.